கணக்கப்பிள்ளை இறந்த பிறகு: ஒரு நாவலுக்கு முன்னால் இருக்கும் வழிகள்

இரண்டு ஆண்டுகளாக ஒரே ஒரு மனிதரைப் பற்றிய நாவலை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒவ்வொரு பெண்ணின் கூடைக்கும் ஒரு கிலோவோ இரண்டு கிலோவோ குறைத்து எழுதி, குறைத்ததை வேலைக்கே வராத ஒருவர் பெயரில் ஏற்றி, அந்தக் கூலியைத் தானே எடுத்துக்கொண்டவர். அதைத் தவறு என்று ஒரு நாளும் எண்ணாமலே இறந்துபோகிறார். அவர் மனம் மாறுவதெல்லாம் இறந்த பிறகுதான் என்பது என் கதை. ஆனால், இறந்த ஒருவர் எங்கே இருந்து, எதைப் பார்த்து, எப்படித் திருந்துகிறார் என்பதை முடிவு செய்யாமல் இரண்டாம் அத்தியாயத்துக்குள் காலெடுத்து வைக்க முடியவில்லை. ஆகவே முதல் அத்தியாயத்தை வேறு வேறு வழிகளில் எழுதிப் பார்த்தேன். எந்த வழி எதைக் கொடுத்தது, எதைப் பறித்தது என்பதை இங்கே எழுதுகிறேன். இதே போன்ற கதையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நிற்கும் வேறு யாருக்கேனும் இது உதவக்கூடும்.

முதலில் ஒரு வழியை விலக்கிவிடுகிறேன். சாவின் விளிம்புவரை போனவர், தன் பிணத்தையும் தனக்காக அழாத வீட்டையும் கனவிலோ காட்சியிலோ கண்டு, திரும்பி வந்து நல்லவராகிவிடுவது என்பது பழகிய பாதை. 1843இல் சார்லஸ் டிக்கன்ஸ் தன் கிறிஸ்துமஸ் கதையில் அதை நடந்து காட்டிவிட்டார். அந்தப் பாதையில் என் ஆள் நடந்தால் அவருடைய மாற்றத்துக்கு உடனே பலன் கிடைத்துவிடும். ஊரார் மன்னிப்பார்கள், பேத்தி மடியில் வந்து உட்காருவாள், மீதி ஆயுள் மரியாதையோடு கழியும். பலன் கிடைக்கிற மாற்றத்தை எழுத எனக்கு விருப்பமில்லை. யாரும் பார்க்காத இடத்தில், எதுவும் திரும்பக் கிடைக்காத நிலையில், ஒரு மனம் தானாகத் திரும்புகிறதா என்பதைத்தான் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். அதற்கு அவர் உண்மையாகவே இறந்திருக்க வேண்டும்.

அடுத்தது மறுபிறப்பு. தமிழில் எழுதுகிறவருக்கு இதைவிடக் கைக்கு எட்டும் வழி வேறில்லை. மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் இறந்து, சாவக நாட்டில் புண்ணியராசன் என்னும் அரசனாகப் பிறக்கிறான். பிறகு மணிமேகலையோடு மணிபல்லவத் தீவுக்கு வந்து, மணலுக்குள் கிடக்கும் தன் பழைய உடலின் எலும்பைத் தானே காண்கிறான். தன் எலும்பின் முன் நிற்கும் ஒருவனைக் கற்பனை செய்த மொழியில், இறப்புக்குப் பின் வரும் மாற்றம் புதிய பொருளே அல்ல. நீலகிரியிலும் இதற்கு வேறொரு வடிவம் உண்டு. அங்கே வாழும் பழங்குடியினரான தோடர்களைப் பற்றி மானுடவியலாளர் ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட நூலில் ஒரு செய்தி இருக்கிறது. மேற்கே உள்ள மறுவுலகில் இறந்தவர்கள் இங்கே நடந்தது போலவே நடந்து திரிகிறார்கள். நடக்க நடக்கக் கால்கள் தேய்கின்றன. முழங்கால்வரை தேய்ந்ததும் அந்த உலகத்தின் தெய்வம் அவர்களை வேறு மனிதர்களாக இங்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. இதைப் படித்த அன்று இரவு முழுவதும் தேய்ந்த கால்களே கண்ணுக்குள் நின்றன.

இந்த வழியில் எழுதிய அத்தியாயத்தில் என் கணக்கப்பிள்ளை அதே தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், தான் ஏமாற்றிய பெண் ஒருத்தியின் கொள்ளுப்பேத்தியாகப் பிறக்கிறார். எழுதும்போது இனித்தது, ஒரு வாரம் கழித்துப் படித்தபோது கசந்தது. அந்தக் குழந்தைக்குப் பழைய பிறவி நினைவில் இல்லையென்றால், திருந்துவதற்கு அங்கே ஆளே இல்லை. தண்டனை அனுபவிப்பதற்கு ஒரு குழந்தைதான் இருக்கிறது. நினைவு இருக்கிறது என்றால், தேயிலைத் தோட்டத்தில் பிறப்பதையே தண்டனையாக்கிவிடுகிறேன். அது என் மனத்தில் இல்லாத கருத்து. அந்த லயத்தில் பிறந்தவர்கள் படித்தால் நியாயமாகவே கோபப்படுவார்கள். ஆபுத்திரனின் கதையில் இந்தச் சிக்கல் எழவில்லை. அவன் தவறு செய்தவன் அல்லன். அமுதசுரபியால் பிறர் பசியைத் தீர்த்தவன். அவனுக்கு மறுபிறப்பு அறத்தின் தொடர்ச்சி. என் ஆளுக்கோ தொடர்ச்சி வேண்டாம். ஒரு முறிவு வேண்டும். மறுபிறப்பு அந்த முறிவை இரண்டு பிறவிகளுக்கு நடுவே, நாம் பார்க்க முடியாத இருட்டில் வைத்துவிடுகிறது.

மூன்றாவது வழியில் இறந்தவர் பேசுவதே இல்லை. இருப்பவர்கள் பேசுகிறார்கள், அவர்கள் பேசப் பேச இறந்தவர் மாறுகிறார். நீலகிரியில் இருந்துகொண்டு இப்படி ஒரு கதையை யோசிப்பவர் இந்த மலையில் வாழும் படுகர் சமூகத்தின் சாவுச் சடங்கை நினைக்காமல் இருக்க முடியாது. இறந்தவரின் பாவங்களை ஊர்ப் பெரியவர் ஒருவர் வரிசையாகப் பாட, கூடியிருப்பவர்கள் ஒவ்வொன்றுக்கும் ‘பாவம்’ என்று எதிர்க்குரல் கொடுப்பார்கள். சார்லஸ் கோவர் 1871இல் வெளியிட்ட நாட்டுப்பாடல் தொகுப்பிலும், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளிலும் இந்தப் பாட்டு பதிவாகியிருக்கிறது. பாம்பைக் கொன்றது, தவளையைக் கொன்றது, எல்லைக் கல்லை நகர்த்தியது, வழி தெரியாதவருக்குத் தவறான வழி காட்டியது என்று நீளும் அந்தப் பட்டியலின் முடிவில், ஆயிரத்து முந்நூறு பாவங்கள் செய்திருந்தாலும் அவை எல்லாம் நீங்கட்டும் என்று வேண்டுவார்கள். முன்பெல்லாம் அந்தப் பாவங்களைச் சுமக்க ஒரு கன்றையும் அவிழ்த்துவிடும் வழக்கம் இருந்திருக்கிறது. அதன் பிறகு அந்தக் கன்றை எந்த வேலையிலும் பூட்ட மாட்டார்கள்.

இந்தச் சடங்கைப் பற்றி நான் நெடுநாள் யோசித்தேன். ஒருவர் உயிரோடு இருக்கும்வரை முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை, அவர் உடல் கிடக்கும்போது ஊர் கூடி உரக்கச் சொல்கிறது என்பதில் எவ்வளவு பெரிய தைரியமும் எவ்வளவு பெரிய கருணையும் இருக்கின்றன! ஆனால் இதை என் நாவலுக்குள் கொண்டுவருவதில் இரண்டு தடைகள் உண்டு. என் கணக்கப்பிள்ளை படுகர் அல்லர். இன்னொரு சமூகத்தின் சாவு முறையை எடுத்து அவர் வீட்டு வாசலில் நடத்திக்காட்டுவது முறையாகாது. இரண்டாவது தடை இதைவிடப் பெரியது. அந்தப் பட்டியல் எல்லாருக்கும் பொதுவானது. இறந்தவர் அந்தத் தவளையை உண்மையில் கொன்றாரா இல்லையா என்பதை அங்கே யாரும் விசாரிப்பதில்லை. மனிதராய்ப் பிறந்தவர் செய்யக்கூடிய எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லி, சேர்த்தே மன்னிக்கிறார்கள். சடங்குக்கு அதுவே அழகு. நாவலுக்கோ அந்தப் பொதுமை போதாது. எந்த ஆடி மாதத்தில், யாருடைய கூடையில், எத்தனை கிலோ என்பதில்தான் என் ஆளின் பாவம் இருக்கிறது.

ஆகவே மூன்றாம் வழியை இப்படி மாற்றி எழுதிப் பார்த்தேன்: சாவு வீட்டுக்கு வந்த பெண்கள், திண்ணையில் உட்கார்ந்து, தங்கள் தங்கள் கூடைக் கணக்கைச் சொல்கிறார்கள். அவர்களின் குரல்கள் நன்றாக வந்தன என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பதினைந்து பக்கம் எழுதியும் கணக்கப்பிள்ளை எங்கும் இல்லை. ஊர் அவரைப் புரிந்துகொண்டது. அவர் எதையும் புரிந்துகொள்ளவில்லை. இறந்தவரின் பெயர் மாறுவது வேறு, இறந்தவர் மாறுவது வேறு. நான் எழுத வந்தது இரண்டாவதை.

கடைசி வழி, இறந்தவரை அந்த வீட்டிலேயே நிறுத்திவைப்பது. காரியம் முடியும்வரை 16 நாள், அவர் உடலில்லாமல் தன் வீட்டிலும் நிறுவைக் கொட்டகையிலும் நடமாடுகிறார். பார்க்கலாம், கேட்கலாம், எதையும் தொட முடியாது. கால வரையறை வைப்பது என் கண்டுபிடிப்பு அல்ல. 2022இல் புக்கர் பரிசு பெற்ற செஹான் கருணாதிலகவின் நாவலில், கொழும்பில் கொல்லப்பட்ட புகைப்படக்காரன் ஒருவனுக்கு ஏழு இரவுகள் தரப்படுகின்றன. கதை முழுவதும் அவனை ‘நீ’ என்று அழைத்தபடியே நகர்கிறது. அங்கே அவன் தன்னைக் கொன்றது யார் என்று தேட வேண்டும், தன் படங்களைக் காப்பாற்ற வேண்டும். இரவுகள் அவனைத் துரத்துகின்றன. என் கணக்கப்பிள்ளைக்குத் தேட எதுவும் இல்லை. அவருக்குத் தரப்படும் 16 நாளும் அவருடையவை அல்ல, அவருக்காகத் துக்கம் காக்கும் வீட்டினுடையவை. மூன்றாம் நாள் பால் தெளிப்பு, அணையாமல் காக்கும் விளக்கு, அதன் பக்கத்தில் வைத்த சொம்புத் தண்ணீர், வந்து போகும் உறவுகள் என்று அந்த நாட்களுக்கு ஏற்கெனவே ஒரு நடை இருக்கிறது. நாவலுக்கு வேறு எலும்புக்கூடு தேட வேண்டியதில்லை.

இந்த வழியில் நான் எதிர்பாராத துணையாக வந்தது தமிழ்தான். முப்பது ஆண்டுகள் ‘அய்யா’ என்றும் ‘அவர்’ என்றும் அழைக்கப்பட்டவர், மூச்சு நின்ற ஒரு மணி நேரத்துக்குள் ‘பாடி’ ஆகிவிடுகிறார். “பாடியை எப்ப எடுக்குறாங்க?” என்று சொந்தத் தம்பி கேட்பதை அவர் பக்கத்தில் நின்று கேட்கிறார். லயத்துப் பெண்களோ தங்களுக்குள் பேசும்போது ‘அவன்’ என்கிறார்கள். அவர்கள் என்றுமே தன்னை அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிகிறது. பிறகு அதே பெண்கள், “செத்தவரை அப்படிச் சொல்லாதே” என்று ஒருத்தியை ஒருத்தி அடக்கிக்கொண்டு ‘அவரு’க்கு மாறுகிறார்கள். பயத்தால் வந்த மரியாதைக்கும் பண்பால் வந்த மரியாதைக்கும் நடுவே உள்ள தூரத்தை ஒரு விகுதியில் காட்டிவிட முடிகிறது. சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் ‘போயிட்டு வர்றோம்’ என்று சொல்லக்கூடாது என்பதும் அப்படியே. தன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் யாரும் அந்த முற்றத்தைத் தாண்டியதில்லை என்ற பெருமையோடு இருந்தவர், ஒவ்வொருவராக வாய் திறக்காமல் எழுந்து போவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். வழக்கம் அது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அது அவரை உறுத்துகிறது. அந்த உறுத்தலில்தான் எனக்குக் கதவு திறந்தது.

இந்த வழியின் ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். உடலில்லாதவர் பார்த்துக்கொண்டே இருந்தால் கதை தேங்கிவிடும். அழ வைத்தால் கண்ணீரில் கரைந்துவிடும். என் முதல் வரைவில் அவர் நான்காம் நாளே மனம் உடைந்து அழுதார். படித்த எனக்கே நம்பிக்கை வரவில்லை. முப்பது ஆண்டு கணக்கு எழுதியவர் அழுகையால் திருந்த மாட்டார். அவருக்குத் தெரிந்த வழி கூட்டல் கழித்தல்தான். ஆகவே திருத்தி எழுதினேன். ஐந்தாம் நாள், புதிதாக வந்தவர் நிறுவை பார்ப்பதை அவர் கொட்டகையில் நின்று கவனிக்கிறார். கொக்கியில் சாக்கு ஏறியதும் தராசின் முள் துள்ளும், பின்னால் போகும், முன்னால் வரும், நடுங்கி நடுங்கி ஓரிடத்தில் நிற்கும். அவர் தன் வாழ்நாளில் முள் நிற்கும்வரை காத்திருந்ததே இல்லை. பின்னால் போகும் கணத்தில் எழுதிவிடுவார். முள் ஓரிடத்தில் நிற்பதை முதல் முறையாகப் பார்க்கிறார். அன்று இரவு மனத்துக்குள் கணக்குப் போடுகிறார்: ஒரு நிறுவைக்கு ஒரு கிலோ, ஒரு நாளுக்கு இரண்டு நிறுவை, மாதத்துக்கு இருபத்தைந்து நாள் என்றால் ஒரு பெண்ணுக்கு மட்டும் 50 கிலோ, ஆண்டுக்கு 600 கிலோ. ஏறத்தாழ நாலரை கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலைத்தூள் வரும். ஆக ஒரே பெண்ணின் விரல்களிலிருந்து ஆண்டுக்கு 130 கிலோவுக்கு மேல் தூள். முப்பது ஆண்டு, எத்தனை பெண்கள்? எண் பெருகப் பெருக, தூக்கமில்லாத அந்த மனிதருக்குக் கணக்கு முடிவதில்லை. பச்சாத்தாபம் என்ற சொல்லையே நான் அந்த அத்தியாயத்தில் பயன்படுத்தவில்லை.

இந்த அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு, தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்த ஒரு பாட்டியிடம் போனேன். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர். மலைநாட்டுத் தோட்டத்திலும் பறித்தவர், நீலகிரித் தோட்டத்திலும் பறித்தவர். விறகடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு அவர் நெடுநேரம் பேசவில்லை.

“செத்துப்போன பெறகு அந்த ஆளு மனசு வருத்தப்படுறாரு. சரி தம்பி. எனக்கு என்ன கெடைச்சிச்சு?”

“ஒண்ணும் கெடைக்கல பாட்டி.”

“அப்ப அவரு திருந்தினது எனக்கு எப்பிடித் தெரியும்?”

தெரியாது என்று சொன்னேன். “தெரியாட்டி அது அவரு சங்கதி, என் சங்கதி இல்ல” என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை, உலையில் அரிசி போடுவது போலச் சொன்னார்.

அந்தக் கேள்வி நான் ஒரு மாதம் எழுதாமல் இருந்ததற்குக் காரணம். பலன் எதிர்பாராத மாற்றம்தான் தூய்மையானது என்று நான் தூக்கிப் பிடித்த கருத்து, பலன் கிடைக்க வேண்டியவர் ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது பாதியாகச் சுருங்கிவிட்டது. இறந்தவருக்கு எதுவும் கிடைக்கக்கூடாது என்பது சரி. ஏமாற்றப்பட்டவருக்கும் எதுவும் கிடைக்கக்கூடாது என்று யார் சொன்னார்கள்? மறுபிறப்பு வழியும் இதற்கு விடை சொல்லவில்லை. அது கடனை வேறொரு உடலின் தலையில் கட்டுகிறது, பாட்டியின் கையில் எதையும் வைப்பதில்லை. திண்ணைப் பெண்கள் பேசும் மூன்றாம் வழி மட்டும் அந்தக் கேள்விக்குக் கிட்டே போகிறது. கணக்கு வெளியே வந்தால்தான் யாராவது அதைத் தீர்க்க முடியும்.

ஆகவே 16 நாள் வழியையே தேர்ந்தெடுத்துவிட்டேன், இரண்டு நிபந்தனைகளோடு. ஒன்று, கணக்கப்பிள்ளையால் கடைசிவரை எதையும் அசைக்க முடியாது. விளக்கு ஆடாது, கதவு தானாகத் திறக்காது, மகளின் கனவில் வந்து பேசவும் மாட்டார். தமிழ்ப் பேய்க் கதைகள் கொடுக்கும் இந்த வசதிகளை எல்லாம் மறுப்பது எனக்கே கடினமாக இருக்கிறது. ஆனால் ஓர் ஆவி சொல்லித்தான் மகள் கடனைத் தீர்த்தாள் என்றால், அவள் வெறும் கையாளாகிவிடுவாள். இரண்டாவது நிபந்தனை, பழைய பேரேடுகளை மகள் தானாகவே எடுத்துப் படிக்கிறாள். தந்தையின் கையெழுத்தில் வேலைக்கு வராதவரின் பெயர் மாதம் தவறாமல் வருவது அவள் கண்ணில் படுகிறது. அவள் கண்டுபிடித்துவிடுவாளோ என்று முதலில் நடுங்குகிறார் தந்தை. கண்டுபிடிக்காமல் மூடிவைத்துவிடுவாளோ என்று பிறகு நடுங்குகிறார். இந்த இரண்டு நடுக்கங்களுக்கும் நடுவே எத்தனை நாள் விடுவது என்பதைத்தான் இப்போது தீர்மானித்துக்கொண்டிருக்கிறேன். அவருடைய மாற்றம் அந்த இடைவெளிக்குள் நடக்கிறது; அதை அவர் யாரிடமும் சொல்ல முடியாது, வாசகர் மட்டுமே அறிவார். மகள் வீடு வீடாகப் போவது வேறு யாரும் சொல்லாமல் அவளே எடுத்த முடிவு. திண்ணைப் பெண்களின் அத்தியாயத்தையும் கிழித்துப் போடவில்லை. அவள் போகும் வீடுகளில் அந்தக் குரல்கள் ஒலிக்கும்.

இந்தத் தேர்வில் நான் இழப்பதும் உண்டு. மணலுக்குள் தன் எலும்பைக் காணும் காட்சிக்கு நிகரான ஒன்று இனி என் நாவலில் வராது. தேய்ந்த கால்களையும் விட்டுவிட்டேன். ஊரே ஒரே குரலில் மன்னிக்கும் பெருமூச்சும் வராது. சில வீடுகளில் மகளை உள்ளே அழைக்க மாட்டார்கள், ஒரு வீட்டில் பணத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துவார்கள். 16ஆம் நாள் காலையில் கணக்கப்பிள்ளை எங்கே போகிறார் என்பதையும் எழுதப்போவதில்லை.

போன வாரம் திருத்திய நிறுவை அத்தியாயத்தை மறுபடியும் பாட்டிக்கு வாசித்தேன். முள் நிற்கும் இடத்தில் தலையசைத்தார். ‘பதினொண்ணு’ என்று கணக்கப்பிள்ளை உரக்கச் சொல்லிவிட்டு எழுதுவதாக நான் வைத்திருந்த வரியில் என்னை நிறுத்தினார். “வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க தம்பி. சொன்னா நாங்க கேட்டிருவோமே” என்றார். அந்த எண்ணை அடித்துவிட்டேன். இப்போது அந்தப் பக்கத்தில் கூடைகளின் சத்தமும் பேனா ஓடும் சத்தமும் மட்டுமே இருக்கின்றன.